நுனியில் ஏற்றிய எடை

மியூனிக் மரியன்பிளாட்ஸில் யு6 ரயில் ஏறினால், பாதாளத்தில் ஓடுகிற வண்டி கொஞ்ச நேரத்தில் வெளிச்சத்துக்கு வந்து வயல்களைத் தொட்டுக்கொண்டு வடக்கே போகிறது. கார்ஹிங்கில் படிக்கும் மகள், தன் கல்லூரிக்கு இரண்டு நிறுத்தம் முன்பே ஹோக்ப்ரூக்கில் என்னை இறக்கினாள். 1972 ஒலிம்பிக்கிற்காகக் கட்டிய துப்பாக்கிசுடும் மைதானம் அங்கேதான் இருக்கிறது. உலகக் கோப்பைப் போட்டி நடந்துகொண்டிருந்தது.

காதைப் பிளக்கும் சத்தத்துக்குத் தயாராகப் போனேன். “இங்க சத்தமே வராதுப்பா, பாரு” என்றாள். பத்து மீட்டர் ஏர் ரைபிள் அரங்கில் தட்டச்சுப் பொறி தட்டுவதுபோல் ‘டக் டக்’ மட்டும். இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். நின்றபடி 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும், சென்னையில் பிறந்து 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நரங்கும் பழகிய ஆட்டம் இது.

எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் சுடத் தொடங்கவே இல்லை. ஆலன் கீ ஒன்றை எடுத்தாள். குழலின் முனைப் பக்கம் மாட்டியிருந்த சிறிய உலோக வில்லையைத் தளர்த்தி, ஒரு விரற்கடை முன்னே தள்ளி, மறுபடி முடுக்கினாள். துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கண்ணை மூடினாள். திறந்து பார்த்தாள். மறுபடி ஆலன் கீ. இப்படி நான்கு தடவை.

வெளியே, துப்பாக்கி செய்பவர்களின் கடையில் இருந்த பெரியவர் அந்த வில்லையின் கணக்கைச் சொன்னார். தாங்கும் கையிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் அதே எடையை வைத்தால், முனை கீழே இழுப்பது இரண்டு மடங்காகும். ஆனால் ஆட்டத்தை எதிர்க்கும் திறன் நான்கு மடங்காகும். அதனால்தான் நுனியில் ஏற்றும் சில கிராம் அத்தனை வேலை செய்கிறது. அதிகம் ஏற்றினாலோ, நாற்பதாவது குண்டுக்குள் முதுகு ஓய்ந்துவிடும். அப்போது தோள்கட்டைப் பக்கம் கொஞ்சம் ஈடு வைக்க வேண்டும். துப்பாக்கி மொத்தம் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி.

என்னையும் ஒரு துப்பாக்கியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றினேன். குறிபார்க்கும் வளையத்துக்குள் இலக்கின் கரும்புள்ளி மீன்குஞ்சுபோல் துள்ளியது. வில்லையை அவர் முன்னே நகர்த்தினார். பாரம் கூடியதை முன்கை உணர்ந்தது. ஆனால் துள்ளல் மெல்லிய ஊசலாகிவிட்டது. மூச்சு வெளியேறிய இடைவெளியில் ஒரு கணம் புள்ளி நின்றேவிட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்தது எனக்கு. பாரம் என்றால் இறக்கி வைக்க வேண்டியது என்றே இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். இடம் பார்த்து வைத்தால் பாரமே மனிதனை நிலைநிறுத்துகிறது.

அடையாறு திரும்பி இரண்டாம் நாள் காலை, ஊரூர் ஆல்காட் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். வஞ்சிரம் நிறுத்துக் கொடுத்துவிட்டு, சும்மாட்டைத் தலையில் இரண்டு விரல் பின்னே தள்ளி, அன்னக்கூடையை ஏற்றிக்கொண்டார். “பிடிக்கட்டுமாம்மா?” என்றேன். “வேணாம் சார், உக்காந்துடுச்சு” என்றார். கையை வீசிக்கொண்டு அவர் நடந்தார். தெரு முனை திரும்பும்வரை கூடை அசையவில்லை.