ஊற்று ஊற நேரம் வேண்டும்

திருச்சியிலிருந்து மதுரைச் சாலையில் விராலிமலையைத் தாண்டித் துவரங்குறிச்சியை நோக்கிச் செல்கையில், காவிரிக் கரையின் வாழையும் நெல்லும் எப்போதோ பின்தங்கிவிடுகின்றன. மருங்காபுரி வட்டாரம் வானம் பார்த்த பூமி. முன்பு பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் பெயர் பெற்றிருந்த இப்பகுதியின் வயல்களுக்குக் காவிரி நீர் எட்டுவதில்லை. மழையும் குளமும் கிணறுமே கதி.

இங்குள்ள கிணறுகள் நமக்குப் பாடம் சொல்லக்கூடியவை. அடியில் கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் கசிந்து வரும் நீர்தான் ஊற்று. ஆகவே கோடையில் குடியானவர் மோட்டாரைச் சிறிது நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடுவார். ஊற்று ஊறட்டும் என்று மறுநாள் வரை பொறுத்திருப்பார். பொறுக்காமல் இறைத்தால் என்னவாகும்? உடனே ஒன்றும் ஆகாது. பயிர் பசுமையாகவே நிற்கும். வழிப்போக்கர் கண்டு மகிழ்வார். நீர்மட்டம் இறங்குவதைப் பயிர் காட்டாது. கிணற்றை எட்டிப் பார்ப்பவருக்கே அது தெரியும்.

மனித உள்ளமும் இத்தகையதே. மகன் வேலைக்குப் போய்விட்டான், மகளுக்கு மணமாகிவிட்டது, கடனும் தீர்ந்தது. குறையொன்றும் இல்லை. ஆயினும் குடும்பத் தலைவியின் முகத்தில் சிரிப்பு குறைந்து வருகிறது. உறங்கி எழுந்தும் அசதி. சிறு சொல்லுக்கும் எரிச்சல். விருப்பமாய்ச் செய்த காரியமும் சுமை. "எல்லாம் இருந்தும் எனக்கு என்ன வந்தது?" என்று தம்மையே கடிந்துகொள்வதால், அவர் பிறரிடம் வாய் திறப்பதுமில்லை.

இது நன்றியின்மையன்று, விசுவாசக் குறைவுமன்று. இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். கார்மேல் மலையில் வெற்றி கண்ட அவரே, பின்னர் பாலைநிலத்தில் சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டினார். வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. உறங்கியவரைத் தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் காட்டினார். அவர் உண்டு மீண்டும் உறங்கினார். தூதர் மறுபடியும் வந்து உண்ணச் சொன்னார். நெடும்பயணம் அதற்குப் பின்னரே தொடங்கிற்று.

1974-ல் அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இத்தகைய சோர்வைப் பற்றி எழுதினார். இலவச மருத்துவமனைகளில் ஆர்வத்தோடு தொண்டாற்றியவர்களே அதற்கு இலக்கானதை அவர் கண்டிருந்தார். 2019-ல் உலக நல நிறுவனம் அதனைத் தொழிலிடத்து அழுத்தத்தின் விளைவாக மட்டுமே வரையறுத்தது. அந்த வரையறையில் அடுப்படிக்கு இடமில்லை. ஆனால் விடுமுறையே இல்லாத வேலை அங்கேதான் நடக்கிறது!

ஆகவே குடும்பத்தினர் செய்யத்தக்கவை சில உண்டு. வாரத்தில் ஒரு பொழுதேனும் தாயின் வேலையைத் தந்தையும் பிள்ளைகளும் ஏற்கட்டும். "என்ன குறை?" என்று கேளாமல், "களைத்திருக்கிறாயா?" என்று கேட்கட்டும். அறிவுரைக்கு முன் உறக்கமும் உணவும் வரட்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் நாட்டமும் கெட்டிருந்தாலோ, வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் தலைகாட்டினாலோ, தயங்காமல் மருத்துவரை நாட வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் 1996-97-ல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் திருச்சியும் ஒன்று என்பதை நாம் மறக்கலாகாது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் இலவச மனநல ஆலோசனை கிடைக்கிறது.

பசுமையைக் கண்டு நிறைவடைந்துவிடாமல், அன்பர்களே, இடையிடையே கிணற்றையும் எட்டிப் பார்ப்போம். வற்றிய கிணற்றைத் தோண்டுவதினும், வற்றுமுன் இறைப்பை நிறுத்துவது எளிது.