வெண்பாவின் குறிப்பேடு

மொழி ஏட்டில் வாழ்கிறது என்பர். புலம்பெயர்ந்தோர் இல்லங்களிலோ அது முதலில் அடுக்களையில் வாழ்கிறது; தேயத் தொடங்குவதும் அங்கேதான். இவ்வுண்மையை அண்மையில் உணர்த்தியது ஒரு நூலன்று. பிள்ளைகள் கையடக்கக் கருவியில் இறக்கிக்கொண்டு ஆடும் சிறியதொரு விளையாட்டு.

‘வெண்பா’ என்பது அதன் பெயர். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழுவினர் ஆக்கியது. 2023 ஜூலை 31 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச் முதலிய கருவிகளுக்கு வெளிவந்தது. போரும் துரத்தலும் மலிந்த விளையாட்டுலகில் இதன் பொருள் சமையல். 1988இல் கனடாவில் வாழ்வைத் தொடங்கும் வெண்பா, பாவலன் இணையரும் அவர்தம் மகன் கவினுமே கதைமாந்தர்.

தாய்வீட்டிலிருந்து வந்த சமையற் குறிப்பேடு சிதைந்து, எழுத்துகள் பல அழிந்து கிடக்கின்றன. விடுபட்டதை உய்த்துணர்ந்து சமைப்பதே ஆடுபவர் பணி. இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது? மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் மாவை அழுத்தாதவாறு சற்றே திருப்பி வைத்தல் வேண்டும். நம் அன்னையர் எண்ணாமலே செய்யும் செயல் இது. ஆயினும், எவரும் எழுதி வையாவிடின் அடுத்த தலைமுறைக்கு அதுவும் ஒரு புதிரே. வளர்ந்த கவின் தாயின் ஏட்டைத் தானே படிக்க முற்படும்போது அவன் தமிழ் போதவில்லை. கதையின் உயிர்நிலை அதுவே.

2024இல் இவ்விளையாட்டு, தனிப்பட்ட சிறு படைப்பாளர்க்கான ஐ.ஜி.எப். விழாவில் தலைப்பரிசும், பிரிட்டனின் பாஃப்டா விழாவில் முதற்படைப்புக்கான விருதும் பெற்றது. தமிழ் அடுக்களையின் வாசம் உலகிற்கும் புரிந்தது எனலாம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு இக்கதை தொலைவானதன்று. தொழில் நாடி வந்து குடியேறினோர் நம்மிற் பலர். வேறு சிலரோ இடம்பெயரவே இல்லை, எல்லைதான் பெயர்ந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்திற்குத் திரும்பியது. இன்று நம் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கின்றனர். தெலுங்கு அறிவது பேறே, அதனால் குறைவொன்றுமில்லை. ஆனால் பாட்டி எழுதிய வற்றற்குழம்புக் குறிப்பைப் படிக்க இயலாத பேரனுக்கு, அவ்வேடு அழியாதிருந்தும் அழிந்ததே அன்றோ?

கடல் கடந்த இளைஞர் சிலர் விளையாட்டின் வழியே இக்கவலையைப் பேசினர். நாமோ அன்றாடம் நம் அடுக்களையிலேயே அதற்கு விடை காணலாம். அன்னையின் கைப்பக்குவத்தை ஏட்டில் எழுதுவோம். அவ்வேட்டைப் படிக்கும் எழுத்தையும் பிள்ளைக்குக் கற்பிப்போம். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் இரண்டும் பயனிலவே.