அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிய ஏழு பேர்

சகோதரிகளே, உங்களிடம் ஒரு கேள்வி. வேறொருவர் சுட்டு, கல்லிலிருந்து எடுத்து நேரே உங்கள் தட்டில் போட்ட தோசையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? "அம்மா வீட்டுக்குப் போனப்போ" என்றுதான் பாதிப் பேர் சொல்வீர்கள். அம்மா இல்லாதவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

எனக்கு வயது 47. கல்யாணமாகி 25 வருஷம். ஒரு நாள் மத்தியானம் பாத்திரம் ஒழித்துப் போட்டுவிட்டு விளையாட்டாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு மூன்று வேளை என்றால் 27,000 வேளைக்கு மேல் வருகிறது. பிரசவம், காய்ச்சல், ஊர்ப்பயணம் எல்லாம் கழித்தாலும் 25,000 வேளைக்குக் குறையாது. இத்தனை வேளையும் எல்லோருக்கும் சுடச்சுடப் பரிமாறிவிட்டு, கடைசியில் ஆறினதும் பிய்ந்ததும் எனக்கு. இதை யாரும் என்மேல் திணிக்கவில்லை. நம் எல்லா வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது!

எங்கள் தெருவில் நாங்கள் ஏழு பேர் ஒரு கூட்டு. மூத்தவர் 61 வயது டீச்சர் அக்கா, ஓய்வு பெற்றவர். இளையவள் 42 வயது மாடி வீட்டுத் தங்கச்சி. சாயங்காலம் நடக்கப் போவோம். நடந்ததைவிடப் பேசினதுதான் அதிகம். ஒரு நாள் டீச்சர் அக்காதான் ஆரம்பித்தார். "கோயில் கோயிலா எத்தனையோ டூர் போயாச்சு. ஒரு தடவை சாப்பிடறதுக்குன்னே போவோமே. அங்கங்க என்ன விசேஷமோ, அதை அவங்க கையால சாப்பிட்டு, எப்படிச் செய்றாங்கன்னு பாத்துட்டு வருவோம்."

எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் வீட்டில் எப்படிச் சொல்வது? கோயிலுக்கு என்றால் தேங்காய் பழம் வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். சாப்பிடப் போகிறோம் என்றால் சிரிப்பார்கள். நான் சொன்னதும் என் மாமியார், "சாப்பிடறதுக்குன்னு ஒரு ஊருக்குப் போவாங்களா? வீட்டுல சோறு இல்லையா?" என்றார்.

"இருக்கு அத்தை. ஆனா அதை ஆக்குறது நானாச்சே" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர்தான், "மூணு நாள் தயிர்சாதம் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது, போய்ட்டு வா" என்றார்.

மாதம் ஆளுக்கு 500 ரூபாய் என்று 14 மாதம் சேர்த்தோம். தலைக்கு 7,000 ரூபாய். வேன், தங்கல், சாப்பாடு எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் நாங்கள் ஆறு பேரும் மாவு அரைத்து, வத்தக்குழம்பு வைத்து, புளிக்காய்ச்சல் காய்ச்சி, குளிர்சாதனப் பெட்டியை நிரப்பி வைத்தோம். டீச்சர் அக்கா மட்டும் ஒன்றும் செய்யவில்லை. "அதெல்லாம் வச்சுட்டு வந்தா அது லீவு இல்லம்மா, அட்வான்ஸ் வேலை" என்றார். அது எனக்குச் சுருக்கென்றது.

திருச்சியிலிருந்து முதலில் காரைக்குடி. முன்பே பேசி வைத்திருந்த ஒரு ஆச்சியின் வீட்டில் சமையல் பார்க்கவும் சாப்பிடவும் ஏற்பாடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டுகொண்டே போகும் வீடு. ஆத்தங்குடித் தரை காலுக்குக் குளுகுளு என்றிருந்தது. ஆச்சி எங்களுக்கு வெள்ளைப் பணியாரம் செய்து காட்டினார். அதன் அளவே வேடிக்கையானது. ஒரு உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி எடுத்து, அதே உழக்கின் மேல் கோபுரம் மாதிரி உளுத்தம்பருப்பைக் குவிக்க வேண்டும். எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, கொஞ்சம் பால், உப்பு, துளி சர்க்கரை சேர்த்து, புளிக்க விடாமல் உடனே கரண்டியால் எண்ணெயில் ஊற்ற வேண்டும். தானாக உப்பி மேலே வரும். சிவக்க விடாமல் எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சட்னி.

கவுனி அரிசியும் செய்திருந்தார். கறுப்பரிசி. அந்த நாளில் வட்டித் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் பர்மா போன நகரத்தார் அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம் அது. ராத்திரியே ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்துக் கிளறுகிறார்கள். கல்யாண வீட்டில் அது இல்லாவிட்டால் குறையாம்.

நாங்கள் வழக்கம்போல எழுந்து பரிமாறப் போனோம். ஆச்சி ஒரு அதட்டல் போட்டார். "உக்காருங்க எல்லாரும். இங்க வந்துமா கரண்டி பிடிக்கணும்?" ஏழு பேரும் இலை முன்னால் உட்கார்ந்தோம். எதிர்வீட்டு அக்கா இலையில் பணியாரம் விழுந்தபோது அவர் கண் கலங்கியது. வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. தனி ஆளுக்கு எதற்கு என்று ஒரு வேளை பொங்கி மூன்று வேளை சாப்பிடுகிறவர். அன்று எட்டுப் பணியாரம் சாப்பிட்டார். நாங்கள் எண்ணினோம், அவர் எண்ணவில்லை.

மறுநாள் மதுரை வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பால்கோவா கிண்டுகிற இடத்துக்குப் போனோம். பாலும் சர்க்கரையும்தான், வேறொன்றும் கிடையாது. விறகு அடுப்பில் பெரிய வாணலி. "கை நிக்கக் கூடாதும்மா, நின்னா அடி பிடிச்சிரும்" என்றார் கிண்டிக்கொண்டிருந்தவர். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம் அது. அடுத்தது கோவில்பட்டிக் கடலை மிட்டாய். இதற்கு 2020-ல் கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையை வறுத்து, தோல் நீக்கி, வெல்லப்பாகில் போட்டுப் புரட்டி, தட்டில் கொட்டித் தேய்க்கிறார்கள். பாகு ஒரு நிமிஷம் முந்தினால் சவ்வு, பிந்தினால் கசப்பு. நம் அதிரசப் பாகு மாதிரியேதான் என்று தெரிந்ததும் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. எந்தப் பட்டமும் வாங்காமல் இந்தப் பக்குவமெல்லாம் நம் கையில் இருக்கிறதே!

சாயங்காலம் திருநெல்வேலி. நெல்லையப்பர் கோயில் எதிரே அல்வாவுக்கு நின்றோம். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, தெளிந்த நீரை வடித்துவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து நெய் கக்கும்வரை கிளறுவது. சூடாக வாயில் போட்டால் மெல்லவே வேண்டாம். சர்க்கரை வியாதி உள்ள தையல்கார அக்கா ஒரு பொட்டலத்தை வாங்கி மூன்று பேருக்குப் பங்கு போட்டு, தன் பங்கை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு வாயாகச் சாப்பிட்டு, ரத வீதியில் அரை மணி நேரம் நடந்தார். டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அன்று ராத்திரி விடுதி அறையில் நடந்ததைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். எங்களில் ஒருவரைப் பற்றியது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எந்த வீட்டு அக்கா என்று மட்டும் சொல்லப் போவதில்லை.

விளக்கை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். மாதவிலக்கு, திடீரென்று உடம்பு கொதிப்பது, தூக்கம் வராதது என்று பேச்சு போயிற்று. அப்போது அவர் மெதுவாக, "எனக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப நாலு மாசமா அப்பப்ப மறுபடி படுது" என்றார்.

"வீட்டுல சொன்னீங்களா?"

"பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம். இந்த நேரத்துல எப்படிச் சொல்றது? உஷ்ணம்னு நினைச்சு வெந்தயம் ஊறவச்சுக் குடிச்சிட்டிருக்கேன்."

டீச்சர் அக்கா எழுந்து விளக்கைப் போட்டார். "இது உஷ்ணம் இல்ல. நாளன்னிக்குக் காலையில நான் உங்களோட டாக்டர்கிட்ட வரேன். நீங்க மறுக்கக் கூடாது" என்றார்.

ஊர் திரும்பிய மறுநாளே போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. கொஞ்சம் சதையெடுத்துச் சோதித்ததில், ஆரம்ப நிலைப் புற்று என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். மகள் கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எங்களையெல்லாம் பந்தியில் உட்கார வைத்தார்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் முழுசாக ஆன பிறகு, ஒரு சொட்டுப் பட்டால்கூட டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் புற்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். சீக்கிரம் பார்த்தால் குணமாக்க நல்ல வழி உண்டு. வெந்தயமும் மோரும் அதற்கு மருந்தல்ல.

நாலு மாதம் வீட்டில் சொல்லாததை அவர் ஏன் அன்று ராத்திரி சொன்னார்? நான் நிறைய யோசித்தேன். வீட்டில் நமக்கு உட்கார்ந்து பேச நேரமே கிடையாது. குக்கர் விசில் அடிக்கும், பால் பொங்கும், யாராவது கூப்பிடுவார்கள். அன்று அடுப்பும் இல்லை, கூப்பிடுகிறவர்களும் இல்லை. வயிறு நிறைந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் அதே வயசுக்காரர்கள். அதனால்தான் வாய் திறந்தது. சாப்பிடப் போகிறோம் என்று சிரித்தார்களே, அந்தப் பயணம் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

திரும்பும்போது சற்றுச் சுற்றிக்கொண்டு மணப்பாறை போய் முறுக்கும் வாங்கினோம். பாதி வேகவைத்து எடுத்து, ஆறவிட்டு, மறுபடியும் எண்ணெயில் போடுவதுதான் அந்த மொறுமொறுப்பின் ரகசியம். வீட்டில் என் மாமியாருக்குக் கவுனி அரிசி கிளறிக் கொடுத்தேன். ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த தடவை போறப்போ வயசானவங்களையும் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார்!

நீங்களும் கிளம்ப நினைத்தால், எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

1. ஆறு முதல் எட்டுப் பேர் போதும். ஒரு வேனில் அடங்க வேண்டும். ஒருவர் பணக்கணக்கு, ஒருவர் மருந்துப்பை என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு நாளைக்கு இரண்டு பண்டம் போதும். பத்தும் தின்றால் வயிறுதான் கெடும். பாக்கி வேளைக்கு இட்லி, இடியாப்பம், மோர்சாதம் என்று இருங்கள்.

3. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். நம்மில் பலர் செய்வது இது. சிறுநீர்க் கடுப்பும் கிருமியும் வருவது அப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தும்படி டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள், சாப்பாடு எப்போது என்று தெரியாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரம் தள்ளிப்போய்க் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட வேண்டும். பையில் எப்போதும் இருக்கட்டும்.

5. வயிற்றுப்போக்கு வந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். ரத்தம் கலந்து போனாலோ, மயக்கம் வந்தாலோ டாக்டர்தான்.

6. முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள்.

7. டீச்சர் அக்கா சொன்னதையும் கேளுங்கள். மாவு அரைத்து வைக்காமல் போங்கள். என் பிள்ளை அந்த மூன்று நாளில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டான். நான் வைத்துவிட்டுப் போன வத்தக்குழம்பை யாரும் தொடவே இல்லை.

தை மாதம் கீழக்கரைக்குத் தொதல் கிளறுவதைப் பார்க்கப் போகிறோம். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மணிக்கணக்கில் கிளறுகிற பண்டம். ஏழு பேரும் பேர் கொடுத்தாயிற்று. ஆபரேஷன் ஆன அக்காதான் முதல் ஆளாக 500 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார். என் மாமியாரையும் சேர்த்து எட்டுப் பேர்.