அறிவுரை சொல்லாத வேலை

அறிவுரை கூறுவதில் நம்மவர்க்கு உள்ள ஆர்வம் உலகறிந்தது. தலைவலி என்று ஒருவரிடம் சொன்னால் போதும். சுக்குப் பற்றிலிருந்து சூரிய நமஸ்காரம் வரையில் ஒன்பது வைத்தியம் கிடைக்கும். அப்படிப்பட்ட இனத்தில் பிறந்த என்னைச் சென்ற இரண்டு பருவங்களாக வாயைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழக்கி வருகிறார்கள். மரபியல் ஆலோசனை என்பது அப்பயிற்சியின் பெயர். பெயரில்தான் ஆலோசனை இருக்கிறதே ஒழிய, அதில் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடிய நோய்களுக்கு இப்போது சோதனைகள் வந்துவிட்டன. ஆனால் சோதனை முடிவு ஒரு தாளில் வருகிறது. அந்தத் தாளைப் பெறலாமா வேண்டாமா, பெற்றபின் என்ன செய்வது என்னும் கேள்விகளோடு போராடுகிறவர்கள் அருகே ஒருவர் உட்கார வேண்டும் அல்லவா? அந்த வேலைக்கு 1947-இல் ஷெல்டன் ரீட் என்னும் அமெரிக்க அறிஞர் இப்பெயரை இட்டார். முடிவைக் குடும்பத்தாரிடமே விட்டுவிடுவது இத்துறையின் நெறி. அந்நெறி இவ்வளவு வலுவாக ஊன்றியதற்குக் காரணம் உண்டு. பரம்பரை நோய் உடையவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம் ஜெர்மனியில் 1933-இல் பிறந்தது. இன்னார் பிள்ளை பெறலாம், இன்னார் பெறலாகாது என்று வெள்ளைச் சட்டை அணிந்தவர்கள் தீர்ப்பளித்த காலம் அது. அதை மறக்காதவர்கள்தாம் வாயைக் கட்டச் சொல்கிறார்கள்.

வகுப்பில் எங்களில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். மற்றவர் கேட்க வேண்டும். நாற்காலிகளுக்கு நடுவே மேசை கூடாது. எதிரில் இருப்பவர் அழுதால் உடனே "அழாதீர்கள்" என்று சொல்லலாகாது. அது நம் சங்கடத்தைத் தீர்க்கச் சொல்லும் சொல்லாம். "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி எப்படியும் வரும். அதற்கு விடையும் சொல்லக்கூடாது, முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் கூடாது. அவரை எது அப்படிக் கேட்க வைக்கிறது என்று அறிய முயல வேண்டும். பேச்சு நின்றுபோனால் மனத்திற்குள் பத்து வரை எண்ண வேண்டும். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தப் பத்து விநாடி ஒரு யுகம்.

அதைவிடக் கடினம் சொற்கள். "நோய் வர வாய்ப்பு உண்டு" என்று எழுதுகிறோம். வேலை வாய்ப்பைப் போல நோய்க்கும் வாய்ப்பா? "அபாயம்" என்றால் மின்சாரக் கம்பத்து மண்டை ஓடு நினைவுக்கு வருகிறது. நாலில் ஒன்று என்ற கணக்கும் எளிதன்று. தாய் தந்தை இருவரும் தாலசீமியாவின் கூறு ஒன்றைச் சுமப்பவராயின், ஒவ்வொரு கருவிலும் அந்நோய் வருவதற்கு 25 சதவீதம் இடமுண்டு. இதைக் கேட்கிறவர்களில் பலர், "ஒன்று வந்துவிட்டது; இனி மூன்றும் நல்லபடியாகப் பிறக்கும்" என்று ஆறுதல் அடைகிறார்கள். அதனால் இரண்டு நாணயங்களை எடுத்துச் சுண்டிக் காட்டுகிறோம். இரண்டும் தலையாக விழுந்தால் நோய். முன் தடவை என்ன விழுந்தது என்பது நாணயத்துக்கு நினைவிராது.

தில்லியில் நாங்கள் பயிலும் மருத்துவமனைக்கு ஒரு நாள் தமிழ்க் குடும்பம் ஒன்று வந்தது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கருவைச் சோதிப்பதற்கு முன், தாய்க்குப் புரிகிற மொழியில் எழுத்து மூலம் சம்மதம் பெறவேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். ஆணா பெண்ணா என்பதைச் சொல்லால் மட்டுமன்றிச் சைகையாலும் தெரிவிக்கலாகாது என்று கண்டிப்புச் செய்ததும் அதே சட்டந்தான். எங்கள் ஆசிரியை பஞ்சாபி, தமிழ் அறியார். ஆகவே என்னை அழைத்து நடுவில் உட்கார வைத்தார்.

கணவர், அவர் மணந்த அக்காள் மகள், நான்கு வயதுப் பையன், ஒரு பாட்டி. பாட்டி அவருக்குத் தாய். அவளுக்கு அம்மாவைப் பெற்றவர். பையனுக்குத் தாலசீமியா, மூன்று வாரத்திற்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற நாள்தோறும் மருந்து. தாய்க்கு இப்போது எட்டு வாரம். பதினோராம் வாரத்தில் நஞ்சிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கலாம். அதற்குள் பெற்றோர் இருவரிடமும் உள்ள மரபணுப் பிழை இன்னது என்று கண்டறிய வேண்டும். இவ்வளவையும் தமிழில் சொல்லி முடித்தேன்.

அவள் மடியில் உறங்கும் பையனைப் பார்த்தாள். "இவனைப் போல் இன்னொன்று வேண்டாம் என்று, இவனை மடியில் வைத்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்?" என்றாள்.

மொழிபெயர்த்தேன். ஆசிரியை வெகுநேரம் பேசவில்லை. நான் பத்தையும் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு அவர், "இவனைப் பற்றிச் சொல்லச் சொல்" என்றார். அவ்வளவுதான். மெட்ரோ ரயிலில் முதல் பெட்டியில்தான் ஏறுவானாம். நிலையங்களின் பெயர்களை அறிவிப்புக்காரரின் குரலிலேயே இந்தியில் சொல்வானாம். வீட்டுக் கதவைத் திறக்கும்போதும், "கதவுகள் இடப்புறம் திறக்கும்" என்று அறிவிப்பானாம். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்தது. பிள்ளையிடம் உள்ள அன்பு வேறு, நோயிடம் உள்ள அச்சம் வேறு என்று எந்தப் பாடப் புத்தகத்தைப் படித்துக் காட்டினாலும் அவளுக்கு அது விளங்கியிராது.

அப்போது பாட்டி வாய் திறந்தார். "சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று நான்தானே தம்பி கட்டி வைத்தேன்? என் இரத்தத்தை எடுத்துப் பாருங்கள். பாவம் யார் மேல் என்று தெரிந்துவிடட்டும்."

உறவு மணத்தால் இது வரவேயில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் மனம் குளிரும். ஆனால் அது பொய். ஒரே முன்னோரிடமிருந்து இருவருக்கும் ஒரே கூறு வந்து சேர, உறவு மணத்தில் இடம் அதிகம். ஆசிரியை பொய் சொல்லவில்லை. "எங்கள் பஞ்சாபிக் குடும்பங்களில் சொந்தத்தில் பெண் எடுப்பதில்லை. ஆனாலும் இந்த நோய் எங்களிடம் நிறைய உண்டு. தம் இரத்தத்தில் எதைச் சுமப்பது என்று தேர்ந்துகொண்டு எவரும் பிறப்பதில்லை" என்றார். பிறகு, பாட்டிக்கு விருப்பமானால் சோதித்துக்கொள்ளலாம் என்றும், ஆனால் அதனால் இந்தத் தம்பதியருக்குப் புதிதாகத் தெரியப்போவது ஒன்றுமில்லை என்றும், பாட்டியின் மற்றப் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் சோதித்துக்கொண்டால் பயன் உண்டு என்றும் விளக்கினார். சுமப்பவர்க்கு நோய் இல்லை. தம் துணையும் சுமப்பவரா என்று அறிந்துகொண்டால் போதும்.

பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெரியவன் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள்" என்றார்.

அந்தத் தம்பதியர் என்ன முடிவு செய்தனர் என்பது என் பேனாவுக்கு உரியதன்று. பாட்டி மட்டும் போகும்போது என்னைத் தனியே அழைத்து, சோதனையின் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். "ஹீமோகுளோபின் ஏ2 அளவு" என்று எழுதினேன். கீழே, "கேரியரா என்று அறிய" என்று எழுதப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி எழுதாதே தம்பி. நான் சோற்றுக் கேரியரைத் தேடுகிறேன் என்று நினைத்துக்கொள்வான். சுமக்கிறவரா என்று எழுது. மற்றதை நானே சொல்லிக்கொள்கிறேன்."