காலையிலிருந்து புல் தின்னவில்லை



இந்த வாரத் தியானத்திற்காக நான் வேறொரு பொருளை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். ஆனால் சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுநாள் பள்ளிச் சிறுவன் ஒருவன், "ஐயா, உங்கள் வீட்டுக் கினிப்பன்றிகள் எல்லாம் எங்கே?" என்று கேட்டான். "ஸ்ரீரங்கத்தில் இருக்கின்றன, தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் கையைப் பற்றிக்கொண்டேன். அந்த விடை பொய் அல்ல. முழு உண்மையும் அல்ல. மீதியை உங்கள் எல்லோருக்கும் எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றிற்று.

2020 ஆம் ஆண்டு பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நம் சபை இளைஞர் ஒருவர் வேலை மாறித் திருச்சியை விட்டுப் போகும்போது, ஒரு கூண்டையும் அதனுள் இரண்டு கினிப்பன்றிகளையும் குருமனைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தார். "இரண்டும் பெண், ஐயா. ஒரு தொல்லையும் இராது" என்றார். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. கறுப்பாயிருந்ததற்கு மிளகு என்றும், பழுப்பாயிருந்ததற்குச் சீரகம் என்றும் அன்று மாலைக்குள் பெயரிட்டுவிட்டார்கள். ஆதாமுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு வேலையும் அதுதானே என்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

கினிப்பன்றி பன்றி இனத்தைச் சேர்ந்ததல்ல. கினி தேசத்திலிருந்து வந்ததும் அல்ல. பழைய அகராதிகளில் சீமைப் பெருச்சாளி என்று ஒரு பெயர் உண்டு. அது எலி, அணில் இவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதால் அந்தப் பெயர் ஓரளவு பொருத்தமானது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் இதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வீட்டில் வளர்த்து உணவாகக் கொண்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது. பெரு நாட்டின் கூஸ்கோ பேராலயத்தில் மார்கோஸ் சப்பாத்தா 1753-இல் வரைந்த கடைசி இராப்போஜன ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் ஆண்டவருக்கு முன்னிருக்கும் தட்டில் கிடப்பது கினிப்பன்றி என்றே அவ்வூரார் சொல்லுகிறார்கள். தங்கள் பண்டிகை உணவை அவருடைய பந்தியில் வைத்திருக்கிறார்கள். என் மகனிடம் அந்தப் படத்தைக் காட்டியது என் தவறு. இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

வளர்க்கத் தொடங்கிய பின்புதான் நமக்கு எவ்வளவு தெரியாது என்பது தெரிந்தது. இவற்றின் பல் உயிருள்ள நாளெல்லாம் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓயாமல் புல் மென்றால்தான் தேயும். மனிதரைப் போலவே இவற்றின் உடலும் வைட்டமின் சி சத்தைத் தானாக உண்டாக்கிக்கொள்ள மாட்டாது. 1907-இல் நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் என்னும் இருவர் வெறும் தானிய உணவு கொடுத்துவந்த கினிப்பன்றிகளுக்கு, மாலுமிகளுக்கு வரும் ஸ்கர்வி நோய் வந்ததைக் கண்டார்கள். அந்தச் சத்தைக் கண்டறிய அதுவே வழி திறந்தது. ஆகவே எங்கள் வீட்டில் நெல்லிக்காயும் கொய்யாவும் குடைமிளகாயும் பிள்ளைகளுக்கு முன்பாக மிளகுக்கும் சீரகத்துக்கும் பங்கு வைக்கப்பட்டன. காலைதோறும் மலைக்கோட்டை அருகில் பூ விற்கும் அம்மாளிடம் அருகம்புல் வாங்குவேன். பிள்ளையாருக்கென்று கட்டி வைத்த புல்லைப் போதகர் நாள் தவறாமல் வாங்குவதைக் கண்டு அந்த அம்மாள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பின்பு கேட்டே விட்டார். காரணத்தைச் சொன்னதும் ஒரு கட்டு கூடுதலாகக் கொடுத்தார்.

அடுக்களையில் கொத்தமல்லித் தண்டை அரியும் ஓசை கேட்டால் போதும், இரண்டும் சீழ்க்கை அடிக்கும். மகிழ்ச்சி மிகுந்தால் சட்டியில் சோளம் பொரிவதுபோல் நின்ற இடத்திலேயே துள்ளும். அடைபட்டுக் கிடந்த அந்த மாதங்களில், மரணச் செய்தி வராத நாளே இல்லாத அந்த மாதங்களில், என் வீட்டில் சிரிப்பொலி கேட்டது என்றால் பெரும்பாலும் அந்தத் துள்ளலினால்தான்.

"இரண்டும் பெண்" என்று சொன்னேன் அல்லவா? செப்டம்பரில் ஒரு ஞாயிறு விடியற்காலையில் என் துணைவியார் கூண்டைத் திறந்தபோது ஐந்து இருந்தன. குட்டிகள் கண் திறந்து, மயிரும் பல்லுமாய்ப் பிறந்து, ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளை பெற்ற சில மணி நேரத்துக்குள் தாய் மறுபடியும் கருத்தரிக்கக்கூடும், ஆணை உடனே பிரிக்கவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பத்து வாரம் கழித்து இன்னும் மூன்று வந்தன. கறுப்பும் பழுப்பும் வெள்ளையும் கலந்து, புள்ளியும் வரியுமாய் நின்ற அந்தக் கூட்டத்தைக் கண்டபோது லாபானின் மந்தையிலிருந்து யாக்கோபு பிரித்துக்கொண்டவைதான் நினைவுக்கு வந்தன. அதற்கு மேல் கால்நடை மருத்துவர் ஒருவர் எங்களுக்கு இரங்கி, எது ஆண், எது பெண் என்று பார்த்துத் தந்தார். ஆண் குட்டிகளை மூன்று வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கவேண்டும் என்றும் கற்பித்தார். சீரகமும் ஆண் பிள்ளைகளும் நம் சபை வீடுகளுக்குப் போயின. மிளகையும் வெந்தயம் என்னும் மகளையும் நாங்கள் வைத்துக்கொண்டோம். மீதி இரண்டு பெண் குட்டிகள் ஸ்ரீரங்கம் போயின.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் என் கல்லூரித் தோழரின் வீடு. அவருடைய தாயார் எழுபது வயதைக் கடந்தவர். மகன் வெளியூரில் இருக்க, முற்றம் வைத்த அந்தப் பழைய வீட்டில் ஒரு பணிப்பெண்ணின் துணையோடு இருப்பவர். பெயரில் பன்றி என்று கேட்டதும், "ஐயையோ, ஆத்துக்குள்ளே அதெல்லாம் வேண்டாம்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். என் மகள் விடவில்லை. "பாட்டி, இது இலை, தழை மட்டும்தான் சாப்பிடும். வெங்காயம், பூண்டு கொடுக்கவே கூடாது, அதன் உடம்புக்கு ஆகாது" என்றாள். அம்மா சிறிது நேரம் அந்தக் குட்டிகளையே பார்த்தார். "வெங்காயம் பூண்டு சேர்க்காதா? அப்போ எங்களைவிட ஆசாரமா இருக்கே!" என்றார். அன்றே அவற்றுக்கு அம்மு, பொம்மு என்று பெயரும் ஆயிற்று.

கோடையில் திருச்சி எப்படிக் கொதிக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது பாகையைத் தாண்டினாலே இந்தச் சிற்றுயிர்களுக்கு ஆபத்து. நம் ஊரிலோ நாற்பதைத் தொடும். ஸ்ரீரங்கத்து அம்மா கல் பாவிய தரையில் மண்பானைகளைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, மேலே ஈரத்துணி போர்த்துவார். உள்ளே அம்முவும் பொம்முவும் ரிஷிகளைப்போல் படுத்திருக்கும். நாங்களும் குருமனையில் அப்படியே செய்யக் கற்றுக்கொண்டோம்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்லுகிறேன்.

சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. மறுநாள் பிரசங்கத்துக்கு யோவான் பத்தாம் அதிகாரம், நல்ல மேய்ப்பன். காலை பத்து மணிக்கு மகள் என் மேசை அருகில் வந்து, "அப்பா, மிளகு காலையிலிருந்து புல் தின்னவில்லை" என்றாள். "வெயில் அல்லவா, அம்மா? பிரசங்கத்தை முடித்துவிட்டுப் பார்க்கிறேன்" என்றேன். மத்தியானம் மறுபடியும் வந்தாள். சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். சாயங்காலம் பாடகர் குழுவின் பயிற்சி. இரவு ஒன்பதுக்குக் கூண்டருகே உட்கார்ந்தேன். மிளகு மூலையில் முதுகைக் கூனி, மயிர் சிலிர்த்து இருந்தது. கொய்யாத் துண்டை நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாளை ஆராதனை முடிந்ததும் மருத்துவரிடம் போகலாம் என்று மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

விடியும்போது அது குளிர்ந்து கிடந்தது.

எட்டரை மணிக்கு நான் பிரசங்க பீடத்தில் நின்றேன். மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்பேராக அறிந்திருப்பதைப்பற்றிப் பேசினேன். அன்று பலர் என்னிடம் வந்து செய்தி நன்றாயிருந்தது என்றீர்கள். மூன்றாம் வரிசையில் இருந்த என் மகள் தலை நிமிரவேயில்லை.

பின்பு மருத்துவர் விளக்கினார். இவற்றின் குடல் ஓயாமல் இயங்கவேண்டும். அரை நாள் தின்னாதிருந்தால் அது நின்றுபோகத் தொடங்கும். இன்னொன்றும் சொன்னார். பிற மிருகங்களுக்கு இரையாகிற உயிர்கள் தங்கள் நோவைக் காட்டிக்கொள்ளமாட்டா. கூட்டத்தில் பலவீனமானது எதுவென்று தெரிந்தால் அதுவே முதலில் பிடிபடும். ஆகவே வெளிப்படையாய்த் தெரிகிற நாளில் நோய் முற்றியிருக்கும். "தின்னவில்லை என்பதுதான் அவை நமக்குச் சொல்லும் ஒரே வார்த்தை" என்றார். வெப்பமோ வேறு நோயோ, உடனே கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருக்குமோ என்னவோ. அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையை நீங்கள் அறிவீர்கள். ஏழை ஒருவனிடம் ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. அவன் உணவில் பங்குபெற்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் உறங்கி, மகளைப்போல் வளர்ந்தது. ஐசுவரியவான் அதைப் பறித்துக்கொண்டான் என்று கேட்டதும் ராஜா கொதித்தெழுந்தான். நான் அந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நாத்தானின் இடத்தில் நின்றுதான் பிரசங்கித்தேன். அந்த வாரத்தில்தான் சிங்காசனத்தின் பக்கத்திலிருந்து அது எப்படிக் கேட்கும் என்று அறிந்தேன். மகளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அவள் அழவில்லை. "மிளகு உங்களிடம் சொல்லவில்லை, அப்பா. அதனால் பரவாயில்லை. நான் சொன்னேனே" என்றாள்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், அதன்பின் நான் உங்கள் வீடுகளுக்கு வந்தபோது என் கேள்வி மாறியதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "கர்த்தருடைய கிருபையால் சுகம், ஐயா" என்பதே நம் எல்லோருடைய பதில். இப்போதெல்லாம் "இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கிறேன். தனித்து வாழும் ஒரு தாயார், ஒவ்வொரு ஞாயிறும் புன்னகையோடு வாசலில் என் கையைப் பற்றுகிறவர், அந்தக் கேள்விக்கு நெடுநேரம் விடை சொல்லவில்லை. இரண்டு நாளாய் வெறும் தேநீர் மட்டும்தான் என்று பின்பு சொன்னார். வீட்டில் அரிசி இல்லாமல் அல்ல. தனக்கென்று ஒரு பிடி சோறு வடிக்க மனமில்லாமல். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். இப்போது அண்டைவீட்டார் ஒருவர் மதியந்தோறும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

வெந்தயத்தின் கதை மீதியிருக்கிறது. தாய் போனபின் அது பானையை விட்டு வெளியே வருவதில்லை. கொத்தமல்லி அரியும் ஓசைக்கும் சீழ்க்கை இல்லை. கூடி வாழும் இந்த உயிர்களைத் தனியே வைக்கலாகாது என்று சுவிட்சர்லாந்து தேசம் 2008-இல் சட்டமே இயற்றியிருக்கிறது. இன்னொன்றை வாங்கித் தருகிறேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் யோசித்தாள். "வேண்டாம், அப்பா. அம்மு, பொம்முவிடம் விட்டுவிடலாம். அங்கே பாட்டி இருக்கிறார்கள், நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்" என்றாள். "பார்த்துக்கொண்டே" என்பதை அவள் அழுத்திச் சொல்லவில்லை. அழுத்தாமலே அது என்மேல் விழுந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை, பிரசங்கத்தை எழுதாமலே வைத்துவிட்டு, மூவருமாய்க் காவிரிப் பாலத்தைக் கடந்தோம். மணல் நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. பெட்டி மகளின் மடியில்; காற்றுத் துளைகளின்மேல் அவள் விரல்கள். அம்மா வாசலில் கோலப்படியிலேயே காத்திருந்தார். முதல் நாலு நாள் கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாசனை பழகிய பின்புதான் சேர்க்கவேண்டும் என்று மகள் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாள். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்து, அதை நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்தார். திரும்பும் வழியில் காலிப்பெட்டி என் மகனிடம் இருந்தது. யாரும் பேசவில்லை.

அதுமுதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணியளவில் குருமனைத் தொலைபேசி ஒலிக்கும். நான் எடுத்தாலும் அம்மா என்னுடன் பேசுவதில்லை. "குழந்தை கிட்ட குடு" என்பார். மகள் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். மறுமுனையின் குரல் மேசையில் இருக்கும் எனக்கும் கேட்கும்.

"சாப்பிட்டாச்சு. அருகம்புல் ஒரு கட்டு, நெல்லிக்காய் பாதி. மூணும் சாப்பிட்டாச்சு."