பத்துப் பேர் போதும் கேப்டன்!

ரக்பின்னாலே கை, கால் உடையுற விளையாட்டுனுதானே நினைக்கிறீங்க? கரெக்ட்தான்! ஆனா, அந்த விளையாட்டே ரெண்டா உடைஞ்ச கதை தெரியுமா? அதுவும் ஒரு நாள் கூலிக்காக! வாங்க, ஹடர்ஸ்ஃபீல்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.

வட இங்கிலாந்துல, மேன்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் நடுவுல இருக்கிற மில் ஊர் இது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து திரும்பிப் பாருங்க... உயரமான தூண்களோட அரண்மனை மாதிரி நிக்கும். அதே சதுக்கத்துல இருக்கு ஜார்ஜ் ஹோட்டல் கட்டடம். 2013-ல் ஹோட்டலை மூடிட்டாங்க. ஆனா, வரலாற்றை மூட முடியுமா?

அந்தக் காலத்துல சனிக்கிழமை மேட்ச் ஆடப் போனா, மில்லுலயும் சுரங்கத்துலயும் அன்னிக்குக் கூலி கட். 'அந்தக் கூலியையாவது கொடுங்களேன்'னு கேட்டாங்க வடக்குப் பசங்க. 'காசு வாங்கினா அது விளையாட்டே இல்லை'னு 1893-ல் கையை விரிச்சிடுச்சு ரக்பி யூனியன். பசி தெரியாதவங்க பேசுற நியாயம்! 1895 ஆகஸ்ட் 29 அன்னிக்கு இதே ஹோட்டல்ல கூடின வடக்கு கிளப்புகள், 'நார்தர்ன் யூனியன்'னு தனிக்கடை போட்டாங்க. இழந்த கூலிக்கு ஈடா நாளுக்கு ஆறு ஷில்லிங். பிற்காலத்துல அதுக்குப் பேர்தான் ரக்பி லீக்!

இங்கேயிருந்து சுமார் 10 கிலோமீட்டர்ல ஹோம்ஃபர்த். மலைச்சரிவுல ஒட்டிக்கிட்டு நிக்கிற கல்வீடுகள். 1891-ல் அங்கே பிறந்த பையன்தான் ஹரால்ட் வாக்ஸ்டாஃப். 1906-ல், ப்ளஸ் ஒன் படிக்கிற வயசுல, ஐந்து தங்க சவரனுக்கு ஹடர்ஸ்ஃபீல்டு கிளப்புல கையெழுத்துப் போட்டான். அப்போ வயசு வெறும் 15! அதே வருஷம்தான் அணிக்கு 15 பேர்ங்கறது 13 ஆச்சு. மைதானத்துல இடம் கிடைச்சதும் ஓட்டமும் பாஸுமா பின்னி எடுத்தான். 'சென்டர்களின் இளவரசன்'னு பேர் வந்துச்சு.

1914. பிரிட்டன் அணி ஆஸ்திரேலியா போகுது. 23 வயசு வாக்ஸ்டாஃப்தான் கேப்டன். தொடர் 1-1. எட்டே நாளில் மூணாவது டெஸ்ட்டையும் ஆடணும்னு நெருக்கடி. ஜூலை 4, சிட்னி மைதானம். அடிபட்டு ஒவ்வொருத்தரா வெளியே போறாங்க. மாற்று ஆள் இறக்கவும் முடியாது. ஒரு கட்டத்துல பத்தே பேர்! ஆனாலும் அசரலை. வாக்ஸ்டாஃப் உடைச்சுக்கிட்டுப் போய் பாஸ் கொடுக்க, ஜான்சன் பந்தைக் காலாலேயே உருட்டிக்கிட்டுப் போய் டிரை அடிச்சார். ரிசல்ட்? 14-6, தொடர் பிரிட்டனுக்கு!

ஊர் திரும்பினவர், 1914-15 சீசன்ல ஹடர்ஸ்ஃபீல்டுக்கு நாலு கோப்பையும் ஜெயிச்சுக் கொடுத்தார். அப்புறம் முதல் உலகப்போர், எகிப்துல ராணுவ வேலை. 1939-ல், 48 வயசுலேயே போய்ச் சேர்ந்துட்டார்.

க்ளைமாக்ஸ் என்ன தெரியுமா? காசு பாவம்னு சொன்ன அந்த இன்னொரு ரக்பியும் 1995 ஆகஸ்ட்ல சம்பளத்துக்கு ஓகே சொல்லிடுச்சு. ஆறு ஷில்லிங் நியாயம் புரிய நூறு வருஷம்! என்னிக்காவது அந்த ஸ்டேஷன்ல இறங்கினா, எதிரே அந்தக் கட்டடத்துக்கு ஒரு சல்யூட் போட்டுட்டு வாங்க ஃப்ரெண்ட்ஸ்!