சைக்கிள் கம்பியில் ஒரு சோடிக் காலுறை

யாழ்ப்பாணத்தில் ஒருத்தி சுவெற்றர் பின்னுகிறாள் என்றால் காண்பவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "இந்த வெயிலுக்கா?" என்பதுதான். சித்திரை மாதத்து மத்தியானத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்து, வியர்த்த விரல்களால் அக்ரிலிக் நூலை இழுத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியின் நியாயம் விளங்கும். நூல் ஊசியோடு ஒட்டிக்கொள்ளும், நகர மறுக்கும். ஆனால் கேட்பவர்கள் மார்கழியை மறந்துவிடுகிறார்கள். விடியற்காலை ரியூசனுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளைப் பாருங்கள். காதுவரை தொப்பி, கழுத்துவரை சுவெற்றர். எல்லாம் கடையில் வாங்கியவை. போடுவதை விட்டுவிட்டுப் பின்னுவதைத்தான் வேடிக்கையாகப் பார்க்கிறோம்.

பின்னல் என்று நான் சொல்வது குரோஷே அல்ல. குரோஷேக்கு ஒரு கொக்கி ஊசி போதும், ஒரு நேரத்தில் ஒரு கண்ணி மட்டும் திறந்திருக்கும். நான் பழகுவது இரண்டு ஊசிப் பின்னல். வரிசை முழுவதும் உள்ள கண்ணிகள் எல்லாம் திறந்தபடி ஊசியில் காத்திருக்கும். ஒரு கண்ணி நழுவினால் ஏணிப்படி போல அடிவரை கழன்றுகொண்டு போகும். வாப்பா தையற்காரர். அவருடைய தொழிலில் முதலில் துணி, பிறகு கத்தரி, பிறகு மூட்டு. கத்தரியே இல்லாமல் துணியும் சட்டையும் ஒன்றாக வளர்வது அவருக்குக் கொஞ்சக் காலம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. "அளவு பிழைச்சா எதைப் பிரிக்கிறது மகள்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் பிரிக்கலாம் என்பதுதான் இதில் உள்ள வசதி. வெட்டிய துணி மறுபடி தானாகாது. பின்னல் மறுபடி நூலாகும்.

முதல் சுவெற்றர் வாப்பாவுக்குத்தான். நெஞ்சளவு 38 அங்குலம். தளர்வுக்கு 2 அங்குலம் சேர்த்து 40. அங்குலத்துக்கு 5 கண்ணி என்றால் சுற்றுக்கு 200 கண்ணி. கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னினேன். இடையிடையே போட்டுப் பார்க்க முடியும் என்பதால் அந்த முறையே எனக்குப் பிடிக்கும். உடல் முடிந்து ஒரு கையும் முடிந்தபோது நூல் தீர்ந்தது. கடையில் அந்த நிறத்தில் இருந்தவை எட்டு உருண்டைகள்தான், எட்டையும் நான்தான் வாங்கியிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் புதிய உருண்டைகள் வந்தன. அதே நிறம், அதே இலக்கம். ஆனால் நூலுருண்டையின் தாளில் நிறத்தின் இலக்கத்துக்குப் பக்கத்தில் இன்னோர் இலக்கமும் இருக்கும். அது எந்தத் தொகுதியில் சாயம் தோய்ந்தது என்பதற்கான அடையாளம். தொகுதி மாறினால் நிறமும் ஒரு சொட்டு மாறும். இரவு விளக்கில் இரண்டு கைகளும் ஒன்றாகத்தான் தெரிந்தன. காலையில் முற்றத்துக்குக் கொண்டுபோனதும் வாப்பா சொன்னார்: "ரெண்டு தானில வெட்டின மாதிரி இருக்கு."

அது போதாதென்று, கழுவிக் கொடியில் காயப்போட்டதும் தண்ணீரின் பாரத்துக்குச் சுவெற்றர் மூன்று அங்குலம் நீண்டுவிட்டது. பின்னிய உடுப்பைக் கொடியில் தொங்கவிடாமல் பாயில் விரித்துக் காயவைக்க வேண்டும் என்பது பிறகுதான் எங்கள் வீட்டுச் சட்டமானது.

தீர்வு சொன்னவரும் வாப்பாதான். "வித்தியாசம் ஒரு பக்கத்தில இருந்தா குறை, ரெண்டு பக்கத்திலயும் இருந்தா டிசைன்." கீழ்நோக்கிப் பின்னியதால் விளிம்பிலிருந்து உருவி எடுப்பது சுலபமாக இருந்தது. உடலின் அடியிலிருந்து ஐந்து அங்குலம் உருவினேன். முதற் கையை முழங்கைவரை உருவினேன். புதிய நூலில் பின்னிய மற்றக் கையைத் தோள்வரை உருவி, முழங்கைவரை பழைய நூலிலேயே மறுபடி பின்னினேன். பிறகு இரண்டு முன்கைகளும் அடி விளிம்பும் புதிய நூலில். இப்போது வாப்பா அதைப் போட்டுக்கொண்டு மார்கழியில் சுபஹுக்குப் பள்ளிக்குப் போகிறார். எந்தக் கடையில் வாங்கியது என்று ஒருவர் கேட்டாராம். வாப்பா என்ன பதில் சொன்னார் என்று இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

சுவெற்றர் ஆசைக்குப் பின்னியது. காலுறை அப்படியல்ல.

உம்மம்மாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் சோனகத்தெருவை விட்டு வெளியேறி, வழியில் செருப்பறுந்து வெறுங்காலோடு நடந்த கால்கள் அவருடையவை. பிறகு இருபது வருடம் புத்தளத்து மணலில் நடந்தவை. அந்த நாளில் காலில் குத்திய ஒவ்வொரு கல்லையும் இப்போதும் சொல்வார். ஆனால் அதே கால்களுக்கு இன்று முள் குத்தினாலும் தெரிவதில்லை. சீனி நரம்பின் உணர்வைக் கொன்றுவிட்டது. வலி தெரியாத காலில் புண் வந்தால், புண் பெருத்த பிறகுதான் தெரியும். அவருடைய தங்கைக்கு அப்படித்தான் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

தொழும்போது பாதத்தை மூட வேண்டும் என்பதால் உம்மம்மா எப்போதும் காலுறை போடுபவர். கடைக் காலுறையின் இலாஸ்டிக் கணுக்காலுக்கு மேலே சிவந்த வளையமாகப் பதிந்துவிடும். விரல் நுனியில் மெசின் மூட்டிய தடிப்பு உரசும். கிளினிக்கில் தாதி சொன்னவை இவை: இறுக்கம் கூடாது, உள்ளே மூட்டுத் தடிப்பு கூடாது, பருத்தி நல்லது, நிறம் வெள்ளையாக இருந்தால் இரத்தமோ நீரோ கசிந்தது உடனே தெரியும். ஒவ்வொரு வுழூவுக்குப் பிறகும் விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். அப்படியென்றால் நாளுக்கு ஐந்து முறை கழற்றிப் போட இலகுவான காலுறை வேண்டும். இத்தனையும் சேர்ந்த ஒன்று எங்கள் கடைகளில் அகப்படவில்லை.

மூட்டில்லாத காலுறை எப்படிப் பின்னுவது என்று தேடியபோதுதான் இந்தக் கலையின் பழைய கதை கிடைத்தது. பின்னல் குளிர் நாட்டு வெள்ளைக்காரப் பாட்டிமாரின் வேலை என்றே நானும் எண்ணியிருந்தேன். ஆனால் இப்போது நாம் பின்னுகிற முறையில் கிடைத்திருக்கும் மிகப் பழைய துண்டுகள் எகிப்தில், இஸ்லாமிய ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தவை. அவற்றுட் பல காலுறைகள், அதுவும் பருத்தியில், வெள்ளையும் நீலமுமாக. சிலவற்றில் கூஃபி எழுத்தில் அல்லாஹ்வின் பெயர் போன்ற வடிவங்கள் வரிசையாக ஓடுகின்றன. ஸ்பெயினில் புர்கோஸ் நகரத்து மடாலயம் ஒன்றில், 1275இல் இறந்த இளவரசர் பெர்னாண்டோ டி லா செர்டாவின் கல்லறையில் பட்டுநூலில் பின்னிய தலையணை உறை கிடைத்தது. கிறிஸ்தவ இளவரசரின் தலைக்குக் கீழே 'பரக்கத்' என்ற சொல் அரபியில் பின்னப்பட்டிருக்கிறது. பின்னியவர்கள் முஸ்லிம்கள் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 20 கண்ணிகள். என்னால் 8க்கு மேல் முடியவில்லை. வலதுகைக்காரர் பின்னும்போது கண்ணிகள் வலமிருந்து இடமாகத்தான் செல்லும், அரபு எழுதுவதைப் போல. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, பின்னும்போது நினைத்துச் சந்தோஷப்படலாம், அவ்வளவுதான்.

வெயில் நாட்டில் பருத்தியில் பிறந்த வேலை என்றால் நம்முடைய வெயிலிலும் நடக்கத்தானே வேண்டும்?

காலுறையை வட்டமாகப் பின்ன இருபுறமும் கூரான ஐந்து மெல்லிய ஊசிகள் தேவை. கடையில் இல்லை. சைக்கிள் கடையில் பழைய சில்லொன்றின் கம்பிகளைக் கேட்டேன். கம்பி 2 மில்லிமீற்றர் தடிப்பு, மெல்லிய காலுறைக்குச் சரியான அளவு. நானா அவற்றை ஒரு சாணுக்குக் குறைவாக வெட்டி, நுனிகளை அரத்தால் கூராக்கி, அரத்தாளால் மினுக்கித் தந்தார். யாழ்ப்பாணத்தில் சைக்கிளால் ஆகாத காரியம் எது? குரோஷேக்கு விற்கும் வெள்ளைப் பருத்தி நூலை இரட்டையாகப் பிடித்துக்கொண்டேன்.

அளவெடுப்பதற்கு வாப்பாவின் நாடா. காலையில் பாதத்தின் சுற்றளவு 9 அங்குலம், மாலையில் வீங்கி ஒன்பதரை. கம்பளிக் காலுறை என்றால் நூல் இழுபடும் என்று பத்தில் ஒரு பங்கைக் குறைப்பார்கள். இங்கே குறைக்க இடமில்லை. மாலை அளவையே எடுத்து, எட்டால் பெருக்கி, 76 கண்ணி.

குதிதான் காலுறையின் உயிர். குழாயாக இறங்கிவரும் பின்னலைக் காலின் வளைவுக்குத் திருப்ப வேண்டும். பாதிக் கண்ணிகளை ஓய்வில் விட்டு, மற்றப் பாதியில் முன்னும் பின்னுமாக ஒரு மடல் பின்னி, பிறகு வரிசை முடியுமுன்பே திரும்பித் திரும்பி நடுவில் கண்ணிகளைக் குறைத்தால் ஒரு கிண்ணம் தானாகக் குழிந்து வரும். எத்தனை முறை பின்னினாலும் அந்த இடத்தில் எனக்கு ஒரு சின்ன வியப்பு வரும். கேத்திரகணிதப் பாடத்தில் அது வந்ததில்லை.

முதற் சோடி அழகாக வந்தது. மூன்று முறை கழுவியதும் தளர்ந்து கணுக்காலில் வந்து குந்திக்கொண்டது. பருத்திக்குக் கம்பளியின் மீள்தன்மை இல்லை. இழுபட்டால் இழுபட்டதுதான். இரண்டாம் சோடியில் பாதத்துக்கு மேலே முழுவதும் இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு புறக்கண்ணி என்று மாற்றி மாற்றிப் பின்னினேன். அப்படிப் பின்னினால் துணி விசிறிபோல மடிந்து விரியும். நூலில் இல்லாத இழுவை பின்னலில் வந்தது. இலாஸ்டிக் வளையம் மறைந்தது.

எகிப்தில் கிடைத்த இன்னும் பழைய காலுறைகள் லண்டன் விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுக்குரியவை, ஒற்றை ஊசியால் முடிந்தவை. செருப்பின் வார் போவதற்காகப் பெருவிரல் தனியே பிரிந்திருக்கும். உம்மம்மாவின் பாட்டாச் செருப்புக்கு ஏற்ற யோசனை என்று மூன்றாம் சோடியை அப்படியே பின்னினேன். கிளினிக்கில் தாதி ஒரு பார்வையிலேயே மறுத்துவிட்டார். விரல் இடுக்கில் துணியும் வாரும் சேர்ந்து அழுத்தினால் அங்கேதான் புண் தொடங்கும் என்றார், பாட்டாவையே விடச் சொன்னார். ஆயிரத்தைந்நூறு வருட யோசனையை இரண்டு இரவில் பிரித்தேன். நுனியை வட்டமாக்கி, கடைசிக் கண்ணிகளைத் தையலூசியால் எதிரெதிராகக் கோத்து முடித்தேன். அப்படிக் கோத்தால் இணைந்த இடம் இன்னொரு வரிசை போலவே கிடக்கும், விரலுக்குத் தடிப்பே தெரியாது. உள்ளே முடிச்சு இல்லை. நூல் முனைகளை வெளிப்புறத்தில் செருகிவிடுகிறேன். அழகு கொஞ்சம் குறைவுதான். உம்மம்மாவின் கால் கண்காட்சிக்குப் போகவில்லையே. வீட்டு மாபிள் தரையில் காலுறை வழுக்குவதால், பின்வார் உள்ள இறப்பர்ச் செருப்பொன்று வீட்டுக்குள் பாவிக்கவென்றே வாங்கினோம்.

ஒரு காலுறைக்கு ஏறக்குறைய 9000 கண்ணி. அதைச் சொன்னபோது உம்மம்மா, "அவ்வளவையும் திக்ராக ஓதியிருந்தால் நன்மை கிடைத்திருக்குமே" என்றார். ஓதிக்கொண்டேதான் பின்னுகிறேன் என்று சொன்னேன். முழுப் பொய் அல்ல.

இரவில் காலுறையைக் கழற்றி உட்புறம் வெளியாகப் புரட்டிப் பார்ப்பது என் வேலை. போன ஆவணியில் ஒரு நாள் இடது குதியில் கடுகளவு சிவப்பு. உம்மம்மா ஒன்றுமில்லை என்றே சாதித்தார். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தால் நெருஞ்சி முள் ஒன்று உடைந்து உள்ளே கிடந்தது. மறுநாள் காலையிலேயே கிளினிக். முள்ளை எடுத்து மருந்து கட்டினார்கள். பத்து நாளில் ஆறிவிட்டது. அந்தக் காலுறையில் கறை முழுதாகப் போகவில்லை. எறியச் சொன்னேன், உம்மம்மா விடவில்லை.

இப்போது ஐந்தாவது சோடி ஊசியில் இருக்கிறது. இது அவருடைய தங்கைக்கு. இரண்டு விரல் இல்லாத பாதம் என்பதால் வலதுக்கும் இடதுக்கும் வேறு வேறு கணக்கு. உயர்தரப் பரீட்சை முடியும்வரை நாளுக்கு நான்கு சுற்றுத்தான் என்று உம்மாவோடு ஒப்பந்தம். குதிக்கு இன்னும் பதினெட்டுச் சுற்று இருக்கிறது.